கழற்ற மறந்த மைக்

ஜூன் 2

என் வாலுக் குட்டிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டு எழுதச் சொன்னாள். போனில் கேட்டால் "எடிட்டிங்ல இருக்கேன்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. கடிதத்தை நடுவில் வைக்க முடியாதல்லவா, அதனால்தான் பேனாவைத் தூக்கினேன்.

நீங்கள் கேமராவை மூட்டை கட்டிக்கொண்டு போனதிலிருந்து நம் குடியிருப்பு களையிழந்து கிடக்கிறது. ஒரு மாதம் முழுக்க எல்லோரும் தலைவாரிக்கொண்டுதான் குப்பை கொட்டப் போனார்கள். இப்போது பழையபடி ஆகிவிட்டது. நாலாம் மாடித் தையல்காரம்மா என்னை எங்கே பார்த்தாலும் பிடித்துக்கொள்கிறார். "என் மெஷின் சத்தம் படத்துல வருதா அண்ணா? கடகடன்னு மானத்தை வாங்குமே. எண்ணெய் போட்டுட்டு எடுக்கச் சொல்லியிருக்கலாம்." கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து சக்கர நாற்காலியோடு வீட்டிலேயே இருக்கும் அவர் வீட்டுக்காரர், படத்தை நம் முற்றத்தில் போடும் அன்றைக்கு மட்டும் தன்னைக் கீழே தூக்கிவர வேண்டும் என்று இரண்டு பேரிடம் வாக்கு வாங்கி வைத்திருக்கிறார். லிஃப்ட் செத்த நாளிலிருந்து மனிதர் தரையை மிதிக்கவில்லை.

கட்டடக் கம்பெனி ஆள், வெயிலிலும் கோட்டு போட்டு வருகிறார் என்று நீ 'கோட்டு' என்று பேர் வைத்தாயே, அவர் மறுபடி வந்தார். கட்டடத்தை இடித்துவிட்டு நம்மை ஊர்க்கோடியில் ஆளுக்கொரு மூலையாகத் தள்ளப் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே இடத்தில் வீடு என்று எழுத்தில் தரும்வரை ஒருத்தரும் கையெழுத்துப் போடுவதில்லை என்ற நம் சங்கத்து முடிவில் மாற்றமில்லை. செயலாளர் நானிருக்கும்வரை மாறாது. படிக்கட்டில் நின்று நான் பேசியதை நீ எடுத்தாயே, அதைக் கடைசியில் போடு. பஸ் ஓட்டுகிறவனுக்கு இவ்வளவு பேச வருமா என்று நாலு பேர் கேட்கட்டும்.

அன்புடன்,
அப்பா


ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அம்மாவிடம் சொல்லுங்கள். தூங்குகிறேன் என்றது பொய். இந்த நாலு நாளாகத் தூக்கமில்லை.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். படிக்கட்டில் நீங்கள் பேசி முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நாங்கள் டீ குடிக்கப் போனோம். உங்கள் காலரில் குத்தியிருந்த மைக்கைக் கழற்ற மறந்துவிட்டோம். சவுண்டு பார்க்கும் பெண் ரெக்கார்டரை ஓடவிட்டபடியே வைத்துவிட்டாள். நீங்கள் கேட்டுக்கு வெளியே போய்க் அந்தக் கோட்டு ஆளின் காரில் உட்கார்ந்து பேசியது முழுக்கப் பதிவாகியிருக்கிறது.

நான் வேண்டுமென்று கேட்கவில்லை. கை தட்டும் சத்தம் எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டே போனேன். "எங்க வீட்டுக் கையெழுத்தைப் போட்டுட்டேன் சார். புதுக் கட்டடத்துல சாய்தளம் வெச்ச அந்தக் கீழ்வீடு எனக்குத்தான்னு சொன்னீங்க, மாறிடக் கூடாது. மத்தவங்களை மாசக் கடைசிக்குள்ள நான் மெதுவா சரிக்கட்டிடறேன்." இது உங்கள் குரல். பல தடவை கேட்டுவிட்டேன்.

வேறு யாரும் கேட்கவில்லை. நீங்கள் விளையாட்டுக்குச் சொன்னீர்களா, அந்த ஆளை ஏமாற்றுவதற்குச் சொன்னீர்களா? எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள், நம்புகிறேன்.

உங்கள் மகள்


ஜூன் 14

மகளுக்கு,

பெற்ற அப்பன் சட்டையில் ஒட்டுக்கேட்டுவிட்டு, அதைத் தாள் போட்டு எழுதி, நம்புகிறேன் என்று வேறு சொல்கிறாய். பெரிய மனசுதான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன். நீ கேமராவோடு இங்கே வருவதற்கு முந்தின மாதம் உன் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது இரண்டாம் மாடி வளைவில் உட்கார்ந்துவிட்டாள். "என்னை இங்கேயே விட்டுட்டுப் போயிடுங்க, காலையில வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நீ அப்போது எங்கேயோ அணைத் தண்ணீரில் மூழ்கிய தெருவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாய். நாற்காலியில் வைத்து அவளைத் தூக்கிவந்தது நானும் பக்கத்து வீட்டுக்காரரும். ஊரெல்லாம் சுற்றி, வீடு போனவர்கள் கதையை உலகத்துக்குக் காட்டுகிறாய். உன் வீட்டுக் கதை உனக்குத் தெரியுமா?

அது உன் படத்துக்கு வேண்டாத பேச்சு. வெட்டிப்போடு. நான் சொல்லி நீ எதையும் கேட்டதில்லை, இதை மட்டும் கேள்.

அம்மாவுக்குத் தெரியாது. அவள் காதில் போட்டால் அப்புறம் எனக்கு நீ மகளில்லை.

அப்பா


ஜூன் 20

அப்பா,

அம்மா வளைவில் உட்கார்ந்த விஷயத்தை ஏன் என்னிடம் ஒருத்தரும் சொல்லவில்லை? சொன்னால் ஓடிவந்துவிடுவேன் என்றா, வரமாட்டேன் என்றா? படித்துவிட்டு அழுதேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அப்பா, அந்தக் கீழ்வீட்டை முதலில் கேட்டது யார்? தையல்காரம்மா. நான் கேமராவோடு பக்கத்தில் நின்றேன். "அவங்க தர்றதுல, சக்கர நாற்காலி ஏற சாய்தளம் வெச்ச வீடு ஒண்ணே ஒண்ணுதான் மிச்சமாம் அண்ணா. நான் மட்டும் போய்க் கையெழுத்துப் போட்டுடட்டுமா? இவரை வெயில்ல உக்காரவெச்சே வருஷக்கணக்காச்சு" என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஒருத்தர் போனா எல்லாரும் சரிஞ்சிடுவோம்மா, கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோ." அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டார். நீங்கள் போய் வாங்கிக்கொண்டீர்கள். இரண்டும் ஒரே வாரம். இரண்டும் என்னிடம் இருக்கிறது.

சுரங்கம் மூடிய ஊரில் ஒரு தொழிலாளி, தான் முதலாளி பக்கம் பேசியதை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினார். முடியாது என்றேன். என் படத்தில் வலிக்கிற இடத்தை வெட்டுவதில்லை என்று அவருக்கு வகுப்பு எடுத்தேன். அவரும் யாருக்கோ அப்பாதான். உங்களுக்கு மட்டும் எந்த முகத்தோடு வெட்டுவது?

அடுத்த மாதம் ஆறாம் தேதி படத்தைத் திரைப்பட விழாவுக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் நீங்களே கூட்டத்தைக் கூட்டிச் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் அது ஒரு மனிதர் தப்பை ஒத்துக்கொண்ட கதை. நான் சொன்னால் காட்டிக்கொடுத்த கதை. சொல்லவில்லையென்றால் அந்தப் பேச்சு படத்தில் வரும்.

உங்கள் வாலு


ஜூன் 26

உனக்கு அப்பா வேண்டுமா படம் வேண்டுமா, முடிவு செய்துகொள். போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன்.


ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

வெட்டிவிட்டேன்.

நேற்று மாலைவரை இருந்தது. நீங்கள் படிக்கட்டில் பேசுகிறீர்கள், கை தட்டல், அப்புறம் வெறும் கேட்டைக் காட்டிக்கொண்டு உங்கள் குரல் மட்டும். எடிட்டர் பார்த்தால் துள்ளிக் குதித்திருப்பார், இதற்குத்தான் படமே என்று. நான் தனியாக உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். உங்கள் குரலில் ஒரு இடத்தில், "மாறிடக் கூடாது சார்" என்று சொல்லும்போது, கெஞ்சல் இருக்கிறது. நீங்கள் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. டிக்கெட் எடுக்காத போலீஸ்காரரைக்கூட பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டவர் நீங்கள். அதை நானூறு பேர் இருட்டில் உட்கார்ந்து கேட்பதை என்னால் நினைக்க முடியவில்லை.

வெட்டியதோடு விடவில்லை. வைத்திருந்தால் என்றைக்காவது மனசு மாறுவேன். அதனால் படத்தில் ஏறியது போக, இரண்டு டிஸ்க்கிலும் அந்த நாள் ஒலி மொத்தத்தையும் அழித்துவிட்டேன். கார்டில் ஏற்கெனவே வேறு பதிவு ஏறிவிட்டது. அது இனி எங்கேயும் கிடையாது. படம் இப்போது உங்கள் படிக்கட்டுப் பேச்சோடும் கை தட்டலோடும் முடிகிறது, நீங்கள் கேட்டபடியே.

விழாவுக்கு அனுப்பிவிட்டேன். முற்றத்தில் போடுவதற்கான டிஸ்க்கையும் இந்தக் கடிதத்தையும் கேமராக்காரர் நேரில் கொண்டுவருவார். நான் வரவில்லை, ஒரு வாரம் வேறு ஊரில் வேலை. வந்தாலும் தையல்காரம்மா முகத்தைப் பார்க்க முடியாது.

ஜெயித்துவிட்டீர்கள் அப்பா. எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஆனால் அப்பாவை விட்டுவிட்டு ஒரு படத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

உங்கள் வாலு


ஜூலை 7

என் வாலுக் குட்டிக்கு,

முந்தின கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். போட்டிருந்தால் சரி.

நேற்று கூட்டம் போட்டேன். சொல்லிவிட்டேன். போனில் சொல்லும் விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் அம்மாவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு வாயில விழ வேண்டிய சோத்தை எனக்கு ஊட்டப் பாத்தீங்களா?" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் மடித்த துணியையே பிரித்துப் பிரித்து மடித்தாள். நான் கீழே இறங்கிக் கதவு கதவாகத் தட்டி எல்லோரையும் முற்றத்துக்கு வரச் சொன்னேன்.

சொல்லி முடித்தபோது ஒருத்தரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தையல்காரம்மா மட்டும், "எனக்குப் பல்லைக் கடிச்சுக்கோன்னு சொன்னப்ப, நீங்க போட்டாச்சா?" என்று கேட்டார். "இல்லம்மா, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான்" என்றேன். "அப்ப என்கிட்டேர்ந்துதான் தெரிஞ்சுக்கிட்டீங்க, அப்படி ஒரு வீடு இருக்குன்னு" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

செயலாளர் பதவியைக் கொடுத்துவிட்டேன். இன்று காலை கோட்டு ஆளைப் பார்த்து என் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அந்தக் கீழ்வீட்டைத் தையல்காரம்மா பேருக்கு மாற்றச் சொன்னேன். மாசக் கடைசிக்குள் அந்த அம்மா வந்து கையெழுத்துப் போட்டால் வீடு அவருக்கு, இல்லையென்றால் வேறு கட்டடத்து ஆளுக்குப் போய்விடும் என்றார். அவர் ஒருத்தர் போடுவதில் தப்பில்லை, மற்றவர்கள் நிற்போம் என்று சங்கமே சொல்லிவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். என்னை நம்பலாமா என்று யோசிக்கிறார். யோசிக்கட்டும்.

இப்போது நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அந்தப் பேச்சை எடுக்காதே. படத்தில் என் குரலிலேயே எல்லாம் வருகிறது, ஒரு சொல் விடாமல் என் மகள் வைத்திருக்கிறாள், வந்து கேளுங்கள் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன். என் வாய்ச்சொல்லை இனி யார் நம்புவார்கள்? அதுதான் எனக்குச் சாட்சி.

அப்பா


ஜூலை 12

மகளே,

நேற்று முற்றத்தில் படம் போட்டார்கள்.

கேமராக்காரர் உன் கடிதத்தையும் கொடுத்தார். பிரிக்கவில்லை. ஏசி எழுதியிருப்பாய், படம் முடிந்ததும் படிக்கலாம் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் பயம். என் குரலைக் கேட்கும்வரை தைரியத்தைக் கட்டிவைக்க வேண்டியிருந்தது.

தையல்காரம்மாவின் வீட்டுக்காரரை நாற்காலியோடு தூக்கிவந்து முன்வரிசையில் வைத்தார்கள். அம்மாவும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிவந்தாள். படம் ஓடியது. நன்றாகத்தான் எடுத்திருக்கிறாய், அதை மறைக்க மாட்டேன். மெஷின் சத்தம் வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள், அந்த அம்மாவும் சிரித்தார். கடைசியில் படிக்கட்டில் நான் வந்தேன். "என் பிணத்து மேலதான் இந்தக் கட்டடம் இடியும்" என்றேன். கை தட்டல். நான் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். திரை இருட்டானது. பேர்கள் ஓடின. அவ்வளவுதான் என்று கேமராக்காரர் விளக்கைப் போட்டார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. "இன்னும் இருக்குல்ல?" என்று உன் அம்மாதான் கேட்டாள். கேமராக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, "இல்லம்மா, முடிஞ்சுது" என்றார்.

தையல்காரம்மா எழுந்து என்னிடம் வந்தார். "கூட்டத்துல அழுதீங்க. நானும் நம்பிட்டேன் அண்ணா. எங்க பத்துப் பேர்கிட்ட ஒத்துக்கிட்டு, ஊர் உலகத்துக்கு முன்னால வீரனா நிக்க ஏற்பாடு பண்ணிட்டீங்க. உங்க பொண்ணும் நல்லாத்தான் வெட்டியிருக்கு" என்றார். நான் இல்லை, எனக்குத் தெரியாது என்று என்னென்னவோ உளறினேன். அப்போதுதான் கடிதத்தைப் பிரித்தேன், அவர்கள் எதிரிலேயே. "வெட்டிவிட்டேன்" என்று இருந்தது. "நீங்கள் கேட்டபடியே" என்றும் இருந்தது. அதை எப்படி அவரிடம் நீட்டுவது?

அந்தக் கீழ்வீடும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "அதுல என்ன வெச்சிருக்கீங்களோ" என்றார். வீட்டுக்காரரைத் திரும்ப நாலு மாடி தூக்கிக்கொண்டு போனார்கள். நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்றார்கள்.

என் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டாயே. கெஞ்சியபோது கேட்காமல், வேண்டாத நேரத்தில் கேட்டிருக்கிறாய். எங்கேயாவது ஒரு மூலையில் அந்தப் பேச்சு இருக்கும், நீங்களெல்லாம் எதையும் அடியோடு அழிக்க மாட்டீர்கள் என்று கேமராக்காரர் சொன்னார். தேடு. மாசம் முடிவதற்குள் கொண்டுவா.

அப்பா


ஜூலை 17

அப்பா,

ஊரிலிருந்து திரும்பியதும் உங்கள் இரண்டு கடிதங்களையும் ஒன்றாகப் பார்த்தேன். ஏழாம் தேதிக் கடிதத்தை முதலில் பிரித்தேன். என் அப்பா என்று அறையில் சத்தமாகச் சொன்னேன். இரண்டாவதைப் பிரிக்கும்போது அந்தச் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

இல்லை அப்பா. தேடிவிட்டேன். டிஸ்க்கை மீட்கிற ஆளிடம் கொண்டுபோனேன், அவர் கையை விரித்துவிட்டார். இத்தனை வருடத்தில் ஒரு துண்டைக்கூட அழித்ததில்லை, இதைத்தான் அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். முற்றத்தில் நின்று, வெட்டியது நான், அழித்தது நான், அப்பா எடுக்காதே என்று எழுதிய கடிதம் எனக்குப் பிந்திக் கிடைத்தது என்று சொல்கிறேன். உங்கள் ஏழாம் தேதிக் கடிதத்தையும் கொண்டுவருகிறேன். இதையும் அப்பாவும் மகளும் பேசிவைத்துக்கொண்டு எழுதியது என்பார்கள். சொல்லட்டும். அன்றைக்கு வந்திருக்க வேண்டியவள் நான், வராமல் ஒளிந்துகொண்டேன்.

எனக்குக் கதவைத் திறப்பீர்களா?

வாலு


ஆகஸ்ட் 1

என் வாலுக் குட்டிக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். பஸ்ஸில் ஏறும்போதே நீ தும்மிக்கொண்டிருந்தாய், மருந்து வாங்கினாயா?

நீ முற்றத்தில் நின்று பேசியதைப் பற்றி இங்கே இரண்டு கட்சி. பாதிப் பேர் நம்புகிறார்கள், பாதிப் பேர் நீயும் நானும் நன்றாக ஒத்திகை பார்த்திருக்கிறோம் என்கிறார்கள். மூன்றாம் மாடிக்காரர், "உங்க பொண்ணுக்கு கேமராவுக்கு முன்னாடியே வேலை கிடைக்கும்" என்றார். முன்பானால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

தையல்காரம்மா நேற்று, கடைசி நாளில், போய்க் கையெழுத்துப் போட்டார். வீடு அவர்களுக்குத்தான். நான் படியில் நின்றேன். என்னைத் தாண்டிப் போனவர் நின்று திரும்பி, "உங்களை நம்பிப் போடல. அவர் மூஞ்சியில வெயில் படணும்னு போட்டேன்" என்றார். அப்புறம் உனக்கு ஒரு சேதி சொன்னார். எப்படிச் சொன்னாரோ அப்படியே எழுதுகிறேன்: "உங்க பொண்ணு அப்பாவுக்காக வெட்டுச்சு இல்ல? எங்களுக்காகவும் வெட்டச் சொல்லுங்க. நானும் அவரும் அந்தப் படத்துல இருக்கக் கூடாது. மெஷின் சத்தம்கூட."

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. அவர்கள் இல்லாமல் அதில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியும். விழாவில் எடுத்துக்கொண்டார்கள் என்று நீ சொன்னபோது உன் முகத்தையும் பார்த்தேன்.

அம்மா உன்னைக் கேட்டாள். முழங்கால் அப்படியேதான்.

அப்பா


ஆகஸ்ட் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

அவர்கள் இரண்டு பேரையும் எடுத்துவிட்டேன். மெஷின் சத்தத்தையும் எடுத்துவிட்டேன். மிச்சம் இருப்பதைப் படம் என்று சொல்ல முடியாது, அதனால் விழாவிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். எடிட்டர் என்னோடு பேசுவதில்லை.

அவர்கள் இருக்கிற காட்சிகளை அழிக்கவில்லை. அவை அவர்களுடையவை. ஒரு டிஸ்க்கில் போட்டுத் தபாலில் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் வெயிலில் உட்கார்ந்ததும் பார்க்கத் தோன்றினால் பார்க்கட்டும், வேண்டாமென்றால் உடைத்துப் போடட்டும்.

நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் அப்பா. நாலாம் மாடிக்கு ஏறிக் கதவைத் தட்டுங்கள். திறக்காவிட்டால் வெளியிலேயே நின்று மன்னிப்பைச் சொல்லுங்கள், உள்ளே கேட்கும்.

உங்கள் வாலு